மலை தெரியும் ஜப்பானிய ரியோகானில் ஓர் இரவு: முன்பதிவிலிருந்து மறுநாள் பஸ் வரை முழுமையான வழிகாட்டி

ஜப்பானுக்குப் போகிற நம்மவர்களில் பலர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று ஓடிக்கொண்டே நடுவில் ஒரு ராத்திரி ரியோகான் என்ற பாரம்பரிய விடுதியில் தங்குகிறார்கள். திரும்பி வந்ததும் "விலைதான் ஜாஸ்தி, தரையில் படுக்க வைத்தார்கள், சாப்பாடும் ஒத்துவரவில்லை" என்கிறார்கள். எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் ராத்திரி எட்டு மணி, கிளம்பியது காலை ஏழு மணி. மதியம் மூன்று மணிக்கு உள்ளே விட்டு மறுநாள் பத்து மணிக்கு அனுப்பிவைக்கிற அந்தப் பத்தொன்பது மணி நேரம் முழுவதற்கும்தான் அவர்கள் காசு வாங்குகிறார்கள். மலை தெரியும் விடுதி என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மலை தெரிவதே மாலையில் கொஞ்ச நேரம், காலையில் கொஞ்ச நேரம். அந்த இரண்டு நேரமும் விடுதியில் இருக்கிற மாதிரி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

உதாரணத்துக்கு நான் ஒகுஹிதாவை எடுத்துக்கொள்கிறேன். கிஃபு மாநிலத்தில், தகயாமா நகரத்துக்குக் கிழக்கே, ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பகுதி இது. ஹிராயு, ஃபுகுஜி, ஷின்ஹிராயு, டோச்சியோ, ஷின்ஹோதகா என்று ஐந்து வெந்நீர் ஊற்று ஊர்கள். பக்கத்தில் இருக்கும் யாகேதாகே இன்றும் உயிருள்ள எரிமலை. 1915-ல் அது வெடித்தபோது மலைக்கு அந்தப் பக்கம் காமிகோச்சியில் ஆறு அடைபட்டு ஒரு ஏரியே உருவானது. நீங்கள் இறங்கிக் குளிக்கப்போகும் வெந்நீருக்கும் இந்த எரிமலைப் பூமிதான் காரணம்.

எந்த மலை, எந்த மாதம்

ஃபுஜி மலைதான் வேண்டும் என்றால் கவாகுச்சி ஏரிக்கரைக்குப் போங்கள், ஷின்ஜுகுவிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஃபுஜிக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வானம் காய்ந்து தெளிவாக இருக்கும், 3,776 மீட்டர் மலையும் பனித்தொப்பியோடு நிற்கும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் நாள்கணக்கில் விலகாமல் இருக்கலாம்.

ஒகுஹிதாவுக்கு என் முதல் ஓட்டு அக்டோபர். இலைகள் சிவந்து, மாதக் கடைசியில் சிகரங்களில் முதல் பனியும் விழுந்திருக்கும். கீழே சிவப்பு, மேலே வெள்ளை. இரண்டாவது, மே மாதத்தின் முதல் வார விடுமுறைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மழைக்காலம் தொடங்கும் முன். அப்போது பள்ளத்தாக்கில் இளம்பச்சை, உச்சியில் இன்னும் பனி. ஜனவரி, பிப்ரவரியில் பனி கொட்டும். திறந்தவெளித் தொட்டியில் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்தால் நனைந்த முடி நுனி விறைத்துப்போகும், அந்த அனுபவத்துக்காகவே போகிறவர்கள் உண்டு. ஆனால் ஜப்பான் கடலிலிருந்து வரும் மேகம் அந்தப் பக்கத்தைக் குளிர்காலத்தில் அடிக்கடி மூடிவிடும், அதனால் மலை தெரிந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டு போங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை, ஆகஸ்ட் நடுப்பகுதி, புத்தாண்டு ஆகிய மூன்றையும் தவிருங்கள். சனிக்கிழமை ராத்திரி எப்போதுமே விலை கூடுதல், ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள்.

அறையைப் பிடிப்பது

விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். சுமாரான நல்ல விடுதி ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை வரும், மேலே எல்லையே இல்லை. இதோடு வெந்நீர்க் குளியல் வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு வழக்கமாக 150 யென் அங்கேயே கட்டச் சொல்வார்கள். தனி ஆளுக்கு அறை தராத விடுதிகளும் இருக்கின்றன, தந்தாலும் விலை கூடும்.

இப்போது முக்கியமான விஷயம். "மலைப் பக்கத்து அறை" என்று தளத்தில் போட்டிருந்தால் ஜன்னலுக்கு எதிரே இருப்பது பத்தடி தூரத்தில் மரம் அடர்ந்த சரிவாகவும் இருக்கலாம், அதுவும் மலைதானே. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஊர்களில் இது சகஜம். அதனால் பதிவு செய்யும் முன் விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தச் சிகரம், அறையிலிருந்தே தெரியுமா, இல்லை குளியல் தொட்டியிலிருந்து மட்டும்தானா, எந்த மாடி. பொதுவாக ஒழுங்காகப் பதில் எழுதுவார்கள். அறையிலிருந்து தெரியாமல் திறந்தவெளிக் குளியலிலிருந்து மட்டும் தெரிந்தாலும் நல்ல விடுதிதான், விலையும் குறையலாம். ஷின்ஹோதகாவில் யாரிமிகான் என்ற விடுதியின் ஆற்றங்கரைக் குளியலிலிருந்து 3,180 மீட்டர் யாரிகாதகேயின் கூர்முனையைப் பார்க்கலாம்.

திசையையும் கேட்டுவிடுங்கள். ஷின்ஹோதகா பள்ளத்தாக்கில் ஹோதகா தொடர் கிழக்கே, 2,898 மீட்டர் கசாகாதகே மேற்கே. காலையில் சூரியன் ஹோதகாவுக்குப் பின்னால்தான் எழும்பும், அதனால் முதல் வெயில் விழுந்து சிவப்பது கசாகாதகே. ஹோதகா சிவப்பது சாயங்காலம். நீங்கள் காலையில் எழுகிற ஆளா, மாலையில் ஜன்னலோரம் உட்காருகிற ஆளா என்பதைப் பொறுத்து அறையைக் கேளுங்கள்.

அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ததாமி என்ற கோரைப்பாய் விரித்த தரையில் உட்கார்ந்து எழுவது பெரிய பாடு. கட்டிலும் ததாமியும் சேர்ந்த அறைகள் உண்டு, மேஜை நாற்காலி போட்ட சாப்பாட்டுக்கூடமும் பல இடங்களில் உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். அறைக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய விடுதிகளில் நடைபாதைக் கோடியில் பொதுவாகத்தான் இருக்கும்.

ரத்து செய்வதில் ஜப்பானியர்கள் கண்டிப்பு. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே கட்டணம் பிடிக்கத் தொடங்கி, சொல்லாமல் வராமலிருந்தால் முழுப் பணமும் போகும். உங்களுக்கென்று மீனும் காய்கறியும் வாங்கிவிடுகிறார்கள், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

சைவர்கள் இதைத் தவறாமல் படியுங்கள்

ஜப்பானியச் சமையலின் அடிப்படையே தாஷி என்ற சாறு. வழக்கமாக அதில் காய்ந்த மீன் சீவல் இருக்கும். காய்கறிக் கூட்டு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், காய்க்கு ஊற்றும் சாறு எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும். அதனால் பதிவில் "வெஜிடேரியன்" என்று ஒரு சொல்லோடு விட்டால் கறி மீன் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றில் வெந்த காயைத் தருவார்கள். அவர்கள் மனதறிந்து செய்வதில்லை, பலருக்கு அது மீனாகவே படுவதில்லை. என்னென்ன சாப்பிடமாட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்: இறைச்சி, மீன், இறால் நண்டு வகை, மீன் சாறு. முட்டை, பால் சரியா என்பதையும் எழுதுங்கள். நேரில் சொல்ல ஒரு வாக்கியம்: "நிகு, சகானா, சகானா நோ தாஷி வா தபேராரேமாசென்." கறி, மீன், மீன் சாறு சாப்பிட முடியாது என்று பொருள். மது தொடாதவர்கள் சமையலில் சேரும் சாகே, மிரின் இரண்டையும் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

இதை வாசலில் நின்று சொல்லக் கூடாது, பதிவு செய்யும்போதே சொல்லிப் பதில் வாங்கிவிட வேண்டும். சின்ன விடுதிகள் முடியாது என்று சொல்லக்கூடும். சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு விடுதி பாருங்கள், கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் என்ற திட்டமும் சில இடங்களில் உண்டு. ஆனால் மலை ஊரில் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும் கடை கிடைப்பது அரிது, எனவே தகயாமாவிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். அறையில் சுடுதண்ணீர் இருக்கும், அதை ஊற்றிக் கலந்து சாப்பிடும் வகை எதுவும் சரி. அறைக்குள் அடுப்பு, குக்கர் வேண்டாம், ததாமியில் ஏறிய மசாலா வாசனை எளிதில் போகாது. ஊரிலிருந்து எடுத்துப்போகிறவர்கள் இறைச்சி கலந்த எதையும், பச்சைக் கறிவேப்பிலை, பழம் மாதிரியானவற்றையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

சுத்த சைவம்தான், மன நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றால் நான் ஒகுஹிதாவை விட்டுவிட்டு கோயாசானைத்தான் சொல்வேன். 816-ல் கூகாய் என்ற துறவி தொடங்கிய மலைக்கோயில் நகரம், ஏறக்குறைய 800 மீட்டர் உயரம், சுற்றிலும் சிகரங்கள். அங்கே ஐம்பது கோயில்கள் அளவில் யாத்திரிகர்களுக்கு அறை கொடுக்கின்றன. சாப்பாடு புத்தத் துறவிகளின் சைவ உணவு. எள் தோஃபு, உறையவைத்துக் காயவைத்த தோஃபு, தெம்புரா என்று வரும், பூண்டு வெங்காயம்கூட இருக்காது. அறை, ததாமி, யுகாதா என்ற பருத்தி அங்கி எல்லாம் ரியோகான் மாதிரியேதான், காலையில் பூஜையிலும் உட்காரலாம். ஒசாகா நம்பாவிலிருந்து நான்காய் ரயிலும் கேபிள் காரும் பிடித்தால் போதும்.

போய்ச் சேர்வது

டோக்கியோவிலிருந்து நகோயாவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில், அங்கிருந்து ஹிதா விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் தகயாமா. ஸ்டேஷன் பக்கத்திலேயே நோஹி பஸ் நிலையம். ஹிராயுவுக்கு ஒரு மணி நேரம், ஷின்ஹோதகாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும், விட்டுவிட்டால் டாக்ஸிச் செலவு அறை வாடகையை நெருங்கும். மதியம் ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் ஏறிவிடுவது உத்தமம். பல விடுதிகள் பஸ் நிறுத்தத்துக்கு வண்டி அனுப்பும், எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள். தக்யூபின் என்ற பார்சல் சேவையில் அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம், அல்லது தகயாமா ஸ்டேஷன் லாக்கரில் போடலாம். ஓர் இரவுக்கு உள்ளாடை, மருந்து, சார்ஜர், காலுறை போதும். பற்பசை, துண்டு, சோப்பு, இரவு உடை எல்லாம் விடுதியிலேயே இருக்கும். ஜப்பானில் 100 வோல்ட், பிளக்குக்கு இரண்டு தட்டையான முனை, நம் பிளக் நேராகச் சொருகாது, அடாப்டர் வேண்டும். ரொக்கமும் கொஞ்சம் வைத்திருங்கள்.

வாசலும் அறையும்

வாசலில் படி ஏறும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும், இது நமக்குப் புதிதில்லை. உள்ளே செருப்பு கொடுப்பார்கள், ததாமி அறைக்கு வெளியே அதையும் விட்டுவிட வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதோடு அறைக்குத் திரும்பி வருவதுதான் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் செய்வது. பெட்டியின் சக்கரத்தை ததாமியில் உருட்டாதீர்கள், தூக்கி ஓரமாக வையுங்கள். சுவரில் ஓவியச் சுருளும் பூவும் வைத்த ஒரு மாடம் இருக்கும், அதில் பை வைக்கக் கூடாது. குழந்தைகள் இருந்தால் தாள் ஒட்டிய கதவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு விரல் பட்டால் ஓட்டை.

மேஜையில் தேநீரும் ஓர் இனிப்பும் வைத்திருப்பார்கள். சாப்பிட்டுவிடுங்கள், வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலை சுற்றலாம், அதற்குத்தான் அது.

அப்புறம் ஜன்னலோரம். ததாமி முடிந்து ஒரு மரப்பலகைத் தரை, அதில் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும் இருக்கும். அறையிலேயே நல்ல இடம் அதுதான். பலர் அங்கே பெட்டியைத் திறந்து போட்டு, ஈரத்துணி காயப்போட்டுவிடுகிறார்கள். அதைக் காலியாக வைத்திருங்கள். ஹோதகாவின் பாறைகள் சாயங்கால வெயிலில் முதலில் வெளிறிய பழுப்பாக, பிறகு செம்மஞ்சளாக, கடைசியில் சாம்பலாக மாறுவதைப் பார்க்க அரை மணி நேரம் அந்த நாற்காலியில் சும்மா உட்கார வேண்டும்.

யுகாதா உடுத்தும்போது இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை, இதில் மட்டும் கவனமாக இருங்கள். அந்த உடையிலேயே சாப்பாட்டுக்கும் போகலாம், குளிருக்கு மேல்சட்டை ஒன்று அலமாரியில் இருக்கும்.

குளியல்: தயங்குகிறவர்களுக்கு

பொதுக் குளியலில் உடை இல்லாமல்தான் இறங்க வேண்டும். ஆண், பெண் தனித்தனி. நீச்சல் உடை, உள்ளாடை எதுவும் கூடாது. நம்மில் பலருக்கு இது பெரிய தயக்கம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒத்துவராது என்றால் தனிக் குளியல் இருக்கிற விடுதியாகப் பாருங்கள். குடும்பமாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளலாம், முக்கால் மணி நேரம் போலத் தருவார்கள், சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சில ஆயிரம் யென். ஒகுஹிதாவில் திறந்தவெளித் தனிக் குளியல் உள்ள விடுதிகள் நிறைய, அந்த ஊரை நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் பொதுத் தொட்டிகளும் அங்கே சில உண்டு, பெண்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், பெண்களுக்கு மட்டும் என்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள், அல்லது சுற்றிக்கொள்ளத் துணி தருவார்கள்.

வாசல் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. ராத்திரி இரண்டையும் மாற்றிப்போடும் வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது, எல்லோருக்கும் இரண்டு காட்சியும் கிடைக்கட்டும் என்று. காலையில் தூக்கக் கலக்கத்தில் முதல் நாள் போன பக்கமே நுழையாமல் திரையைப் பாருங்கள்.

உடையைக் கூடையில் போட்டுவிட்டு, சின்னத் துண்டோடு உள்ளே போனால் வரிசையாகத் தாழ்ந்த முக்காலிகளும் ஷவரும் இருக்கும். உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் குளியுங்கள், நுரை ஒரு துளி இல்லாமல் அலசுங்கள். அதன் பிறகுதான் தொட்டி. தொட்டியில் அழுக்குத் தேய்ப்பது, நீந்துவது, துண்டை நனைப்பது கூடாது. துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். நீளமான முடியை உயரக் கட்டிக்கொள்ளுங்கள். நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. முதலில் ஐந்து நிமிஷம் போதும், ஏறி உட்கார்ந்து காற்று வாங்கி மறுபடி இறங்குங்கள். மதுவுக்குப் பிறகு இறங்க வேண்டாம், ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள். மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டி கூடாது. பச்சை குத்தியிருந்தால் விடுதியை முன்பே கேளுங்கள். போனை எடுத்துப் போகவே கூடாது, எவ்வளவு அழகான மலை தெரிந்தாலும்.

நம் ஊர்ப் பெண்களுக்கு ஒன்று தனியாக. கந்தகம் கலந்த நீரில் வெள்ளி கறுத்துப்போகும். கொலுசு, மெட்டி, வெள்ளி மோதிரம் எல்லாவற்றையும் அறையின் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். தங்க நகையிலும் வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும் என்பதால் அதையும் கழற்றுவதே நல்லது.

இரவுச் சாப்பாடு

ஆறு மணி, ஆறரை மணி என்று நேரம் கேட்பார்கள். சொன்ன நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும், ஒவ்வொரு தட்டும் அந்தக் கணக்கில்தான் அடுப்பிலிருந்து வருகிறது. சின்னச் சின்னத் தட்டுகளாக வரும், சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் கடைசியில். நமக்குச் சோறு முதலிலேயே வேண்டும் என்றால் கேளுங்கள், தருவார்கள். ஒகுஹிதாவில் அசைவர்களுக்கு உப்புத் தடவிச் சுட்ட இவானா என்ற மலையாற்று மீனும் ஹிதா மாட்டிறைச்சியும் சிறப்பு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பதிவிலேயே சொன்னால் வேறு மாற்றித் தருவார்கள்.

எல்லோரும் ருசி பார்க்கக்கூடியது ஹோபா மிசோ, சாறு கலக்காமல் செய்யச் சொன்னால் சைவர்களும். காய்ந்த பெரிய மக்னோலியா இலையைச் சின்ன அடுப்பில் வைத்து, அதன் மேல் மிசோ, வெங்காயத்தாள், காளான் பரப்பியிருப்பார்கள். இலையின் ஓரம் கருகிப் புகை வரும்போது மிசோ மெல்லக் கொதித்துச் சுருளும். அதை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சோற்றோடு சாப்பிட வேண்டும், ஒரு ஸ்பூனுக்கு ஒரு கிண்ணம் சோறு இறங்கும். சில விடுதிகளில் இது காலைச் சாப்பாட்டில் வரும்.

டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், "ஒய்ஷிகத்தா தேசு" என்றால் புரியும்.

தூக்கமும் காலையும்

சாப்பிட்டு வருவதற்குள் அறையில் மெத்தை விரித்திருப்பார்கள். தலையணை சில இடங்களில் உமி நிரப்பிக் கெட்டியாக இருக்கும், பழகாதவர்கள் துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். மெத்தை மெல்லிசாகத் தோன்றினால் அலமாரியில் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கேளுங்கள். சுவர்கள் லேசானவை, ஒன்பது பத்து மணிக்கு மேல் வீடியோ கால் வேண்டாம்.

காலையில் அலாரம் வைக்க வேண்டும். கண்டிப்பாக. ஜூனில் நாலரை மணிக்கே விடிந்துவிடும், அக்டோபரில் ஆறு மணி வாக்கில். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பி, எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் சிகரத்தை மூடிவிடக்கூடும். முதல் நாள் மதியம் ஒன்றுமே தெரியவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள், மறுநாள் விடிகாலை முழுசாகத் திறந்து நிற்பதும் உண்டு. குளியலறை ஐந்து மணி வாக்கில் திறக்கும், அந்த நேரத்தில் ஆள் குறைவு.

காலைச் சாப்பாடு ஏழரை, எட்டு மணி. சோறு, மிசோ சூப், சுட்ட மீன், முட்டை, கடற்பாசித் தாள், நாட்டோ என்ற புளித்த சோயா. மெத்தையை மடித்து வைக்க வேண்டிய கட்டாயமில்லை, போர்வையை ஒழுங்குபடுத்தினால் போதும்.

கிளம்பும் நாள்

பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், வரியும் பானங்களின் கணக்கும் கவுண்டரில் முடித்துக்கொள்ளுங்கள். பையை அங்கேயே விட்டுவிட்டு ஷின்ஹோதகா ரோப்வே ஏறலாம். இரண்டு கட்டமாகப் போகும், இரண்டாவதில் இரண்டடுக்குப் பெட்டி, இறங்கும் இடம் 2,156 மீட்டர். அங்கிருந்து நேற்று ஜன்னலில் பார்த்த தொடரை எதிரெதிரே பார்க்கலாம். மேலே கீழேயைவிடக் குளிர் அதிகம், அக்டோபரிலும் கனமான ஸ்வெட்டர் வேண்டும், குளிர்காலத்தில் வழுக்காத பூட்ஸ் வேண்டும். பராமரிப்புக்காக மூடும் நாட்களும் காற்றுக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு. அதனால் கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே டிக்கெட் எடுங்கள், மேகம் மூடியிருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு ஹிராயுவில் இறங்கி 64 மீட்டர் அருவியைப் பார்த்துவிட்டு அடுத்த தகயாமா பஸ்ஸைப் பிடியுங்கள்.